பல் தெரியாமல் பேசுகிறவர்

படகுக்காரருக்கு ஊர் வைத்த பெயர் குசுகுசு. அதைச் சுருக்கிக் கூப்பிட்டால் என்ன ஆகும் என்பது தமிழ் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தமிழ் தெரிந்திருந்தது. அவர் கோபித்துக்கொள்வதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சிரிப்பும் உதடு பிரியாத சிரிப்புதான்.

அவர் பிறவியிலேயே அப்படி இல்லை. ஏரி பறவைகள் சரணாலயம் ஆவதற்கு முன்னால் அதில் வலை போட்டுக்கொண்டிருந்தவர். இக்கரையில் நின்று கூப்பிட்டால் அக்கரையில் துணி துவைக்கிறவன் நிமிர்ந்து பார்ப்பான், அப்படி ஒரு தொண்டை. பிறகு கம்பி வேலி வந்தது, பலகை வந்தது, மீன் பிடிக்கத் தடை வந்தது. வலைக்காரர்களிலேயே ஒல்லியாக இருந்தவர் என்பதால் இவரைப் படகு தள்ள எடுத்துக்கொண்டார்கள். படகு சின்னது.

முதலில் வந்த அதிகாரி கண்டிப்பானவர். தொப்பியைக் கழற்றாமலேயே சாப்பிடுவார் என்று சொல்வார்கள். அவர்தான் பாடம் சொல்லிக் கொடுத்தார். குரல் உயரக் கூடாது. கையை நீட்டக் கூடாது. முக்கியமாக, பல் தெரியக் கூடாது. "பல்லைக் காட்டறது கடிக்கிற மிருகம். பறவை உன் வாயைத்தான் பாக்கும். பல்லைப் பாத்துச்சுன்னா அடுத்த வருஷம் இந்தப் பக்கமே வராது. அப்புறம் உனக்கு எங்க வேலை?" பறவைகளைக் கேட்டு இதை உறுதி செய்தவர் யாருமில்லை. ஆனால் வேலை போய்விடும் என்று சொன்னபிறகு பறவையைப் போய்க் கேட்டுக்கொண்டிருப்பார்களா?

படகுக்காரர் கற்றுக்கொண்டார். தாடையை அசைக்காமல், உதட்டைப் பிரிக்காமல், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கேயோ வார்த்தையை உருட்டி வெளியே விடுவார். படகின் பின்முனையில் நின்று கழியை ஊன்றித் தள்ளியபடி, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பிடரியைப் பார்த்துப் பேசுவார். பறவைகளுக்கு அடுத்தபடியாக அவர் வாழ்நாளில் அதிகம் பார்த்தது மனிதர்களின் பிடரியைத்தான். அதிகாரி மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின்னால் வந்த அதிகாரிகள் யாரும் பல்லைப் பற்றிப் பேசவில்லை. இவரும் கேட்கவில்லை. கேட்க வாயைத் திறக்க வேண்டும் இல்லையா?

கதை நடந்த வாரத்தில் ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் ஒருவர், அவர் மகன், மருமகள், கழுத்தை இழுக்கும் கனத்தில் ஒரு கேமரா.

"இங்க புலி வருமா?" என்றான் மகன்.

"வராதுங்க."

"மான்?"

"நீந்தத் தெரிஞ்ச மானா இருந்தா வரலாம்."

"என்ன சொல்றாரு?" என்றார் பெரியவர்.

"மான் நீந்திட்டிருக்காம் மாமா," என்றாள் மருமகள்.

அதன்பிறகு மூன்று பேரும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். தலைக்கு மேல் கரண்டிவாயன்கள் கூட்டமாக வெள்ளை விரித்துப் போனதை யாரும் பார்க்கவில்லை. படகுக்காரர் இரண்டு முறை சொன்னார். பிறகு விட்டுவிட்டார். சொன்னது சேராமல் போவது அவருக்குப் பழகிப்போன விஷயம். கொஞ்ச காலமாக அது வீட்டிலும் நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் சண்டை எப்போது தொடங்கியது என்பது அவருக்கே தெரியாது. சண்டை போட்டதாகவே நினைவில்லை. ஆனால் சண்டை இருந்தது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி, "டீ வேணுமா?" என்பாள். "வேணும்," என்பார் இவர். டீ வராது. "சோத்துல உப்பு கம்மியா இருக்கு," என்பார். அவள் தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருப்பாள். சரி, உப்பில்லாமல் சாப்பிடு என்பதுதான் பதில் போலும் என்று சாப்பிட்டு எழுந்துவிடுவார். வரவர அவள் பேசினால் கூரை அதிர்ந்தது. "வெளக்க அணைச்சிட்டு வாங்க" என்பதையே, வெளியே போ என்பதுபோலச் சொன்னாள். கதவைச் சாத்தினால் ஜன்னல் நடுங்கியது. இவ்வளவு கோபத்தை ஒரு மனுஷி எங்கிருந்து எடுக்கிறாள் என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது.

டிக்கெட்காரரிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தார். நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்கிறவர். வாயும் பெரிது, மனசும் பெரிது.

"வீட்டுல பேச மாட்டேங்கறா."

"யாரு?"

"எவன் வீட்டுலயோவா? என் வீட்டுலதான்."

"அண்ணே, அது குறையாண்ணே? ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. நான் தூங்கினப்புறமும் எனக்குப் பதில் சொல்லிட்டிருப்பா."

அதோடு முடிந்தது. ஆண்கள் துக்கம் விசாரிக்கிற லட்சணம் அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம், அவர் வாசலில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்காரி பின்னால் வந்து நின்று சொன்னாள்.

"நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"எப்ப வருவ?" என்றார், காலைப் பார்த்துக்கொண்டே.

"எப்ப வருவேன்னுகூட கேக்க மாட்டீங்க, தெரியும். வர்றதுக்காகப் போகல. அங்கயே இருந்துக்கறேன். இந்த வீட்டுல எனக்கும் சுவத்துக்கும்தான் பேச்சு. சுவராவது ஏதாவது திருப்பிச் சொல்லும்னு பாக்கறேன், அதுவும் உங்கள மாதிரியே ஆயிடுச்சு."

"நான் பேசிட்டுதான இருக்கேன்," என்றார் அவர் தன் பாதத்திடம்.

நிமிர்ந்து பார்த்தபோது அவள் உள்ளே போயிருந்தாள். பெட்டி இழுக்கும் சத்தம் கேட்டது. கட்டிலுக்கு அடியில் கிடந்த பெட்டி. கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்தது.

மறுநாள் பகலில் மகள் போன் செய்தாள். வெளியூரில் வாழ்க்கைப்பட்டவள். அம்மாவோடு பேசுவதென்றால் முகம் தெரிகிற போன்தான். வெறும் போன் வந்தால் வீட்டுக்காரி எடுத்து இவர் கையில் திணித்துவிடுவாள். "மூஞ்சியப் பாக்காமப் பேசினா எனக்குப் பேசின மாதிரியே இல்ல, நீங்களே பேசுங்க."

"அப்பா, கொஞ்சம் உள்ள வந்து பேசுங்கப்பா. போன்ல ஒரே காத்தா அடிக்குது."

"அது நான்தாம்மா."

"என்னப்பா நடக்குது அங்க? அம்மா கிளம்பறேன்னு ஒத்தக் கால்ல நிக்கறாங்க. நாளைக்கழிச்சு காலைல நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். எனக்குப் பாரம் இல்லப்பா. ஆனா நீங்க தனியா என்ன பண்ணுவீங்க?"

"பாத்துக்கறேன்."

"இருன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒன்னும் சொல்லல. வெங்காயம் உரிச்சிட்டிருந்தா."

"அழுதாங்களா?"

"வெங்காயம் உரிச்சா அழத்தான செய்வா. அதுல எது எதுக்குன்னு நான் எங்க பிரிச்சுப் பாக்கறது?"

"அப்பா," என்றாள் மகள், "நீங்க அம்மாவ ஒரு தடவகூட ஏரிக்குக் கூட்டிட்டுப் போனதில்லையாமே?"

அது உண்மைதான். எவ்வளவோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறார். எந்தெந்தத் தேசத்திலிருந்தோ வந்தவர்களுக்கு இது பாம்புத்தாரா, இது நீர்க்காகம் என்று காட்டியிருக்கிறார். வீட்டுக்காரிக்குக் காட்டத் தோன்றியதே இல்லை. தையல்காரன் பெண்டாட்டி கிழிசலைக் கட்டுவாள் என்பது இதற்கும் பொருந்தும்.

அன்று சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள்.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதான?"

"லீவுதான். ஆனா படகுல தண்ணி இறைக்கப் போகணும்."

"லீவுன்னா என்னைக் கூட்டிட்டுப் போங்க. உலகமே வந்து பாக்குது, நான் பாக்காமப் போனா நல்லாவா இருக்கும்? அங்க நாலு பேர் கேப்பாங்க. உங்க வீட்டுக்காரர் எங்க வேலை பாக்கறாருன்னா, தண்ணியிலன்னா சொல்றது?"

அவர் தலையை ஆட்டினார். தலையாட்டியது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. வெகுநாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு கேள்வியும் ஒரு பதிலும் ஒன்றுக்கொன்று சேர்ந்தன. இருவரும் கொஞ்சம் திகைத்துப்போய் மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

சரணாலயத்துக்கு வாராந்திர விடுமுறை. மனிதர்களுக்குத்தான்; பறவைகள் எல்லா நாளும் வேலைக்கு வந்துவிடும். காலையில் பனி ஏரியைவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தது. கரைமேல் அவர் முன்னால் நடந்தார். அவள் ஃபிளாஸ்க்கையும் சோற்றுப் பொட்டலத்தையும் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். முன்தினம் தூறியதில் மண் வெண்ணெயாகியிருந்தது.

"இங்க வழுக்கும், புல்லு மேல கால வெச்சு வா," என்றார்.

பின்னால் பொத்தென்று சத்தம். திரும்பினால் அவள் ஒரு முட்டியில் சேறோடு, ஃபிளாஸ்க்கை மட்டும் ஆகாயத்தில் பத்திரமாகத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வழுக்கும்னு ஒரு வார்த்த சொன்னா வாய்ல இருக்கற முத்து உதிர்ந்துடுமா?"

சொன்னதைக் கேட்காமல் விழுந்துவிட்டுச் சொல்லவில்லை என்று வழக்கு. கை கொடுத்துத் தூக்கிவிட்டார். கடைசி நாளில் சண்டை எதற்கு என்று நினைத்துக்கொண்டார்.

விடுமுறையென்றாலும் காவலுக்கு டிக்கெட்காரர் இருந்தார். "அடடா, அண்ணியா? வாங்க வாங்க. அண்ணன் கெஸ்ட் கூட்டிட்டு வர்றேன்னாரு, நான் வெள்ளக்காரங்கன்னு நெனச்சு மூஞ்சிய வேற கழுவிட்டேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்று, முடிந்ததும் சிரித்தாள். "எனக்காக எதுக்கு கழுவுனீங்க? தண்ணி வீணாப்போச்சு."

"அண்ணி, மெதுவா பேசணும். உள்ள பறவைங்க இருக்கு."

"நான் மெதுவாத்தான பேசறேன்," என்றாள் அவள், அக்கரைக்குக் கேட்கும்படி.

டிக்கெட்காரர் படகுக்காரரைப் பார்த்தார். படகுக்காரர் வானத்தைப் பார்த்தார். வெளியாளிடம் வார்த்தைக்கு வார்த்தை பதில் சொல்கிறாள், சிரிக்கிறாள். நமக்குத்தான் ஒன்றும் இல்லை. யாரோ மாரில் கழியை ஊன்றித் தள்ளுவதுபோல இருந்தது.

படகில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு நின்றது. அவர் தகர டப்பாவால் இறைக்கத் தொடங்கினார். அவளும் ஒரு பிளாஸ்டிக் குவளையைத் தேடி எடுத்து எதிர்ப்பக்கம் குனிந்து இறைத்தாள். அவர் ஒரு வீச்சு, அவள் ஒரு வீச்சு. முதுகு வலிக்கிற வேலை. பறவை எச்சமும் பாசியும் கலந்து ஒரு வாடை. அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. பலகையைத் துடைத்து, கயிற்றைச் சுருட்டி, கழியை எடுத்து நீட்டினாள். இத்தனை காலம் இந்த வேலையைத் தனியாகச் செய்திருக்க வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியது. தோன்றுகிற நேரம் பார்த்தீர்களா, பெட்டி கட்டியபிறகு.

முன்பலகையில் அவளை உட்கார வைத்துவிட்டு அவர் பின்முனையில் ஏறிக் கழியை ஊன்றினார். படகு பனிக்குள் நுழைந்தது. ஆகாயத்தாமரை விலகி வழி விட்டு மறுபடி மூடிக்கொண்டது. கழி சேற்றிலிருந்து உருவும்போது மட்டும் 'பொளக்' என்று ஒரு சத்தம்.

எதிரே இப்போது அவளுடைய பிடரி. முடிச்சு போட்ட கூந்தல், அதில் நரை. பிடரியைக் கண்டதும் அவருக்குப் பேச்சு தானாக வந்தது.

"அதோ, கழுத்து மட்டும் தண்ணிக்கு மேல தெரியுதே, அதான் பாம்புத்தாரா. முழுகிட்டு வந்து எறக்கைய விரிச்சு காய வெக்கும், நீ துணி காயப் போடற மாதிரி. இந்தப் பக்கம் கருப்பா உக்காந்திருக்கறது நீர்க்காகம். ரெண்டுக்கும் ஆகாது. ஆனா ஒரே மரத்துலதான் குடித்தனம்."

அவள் பாம்புத்தாராவைப் பார்க்கவில்லை. வேறு பக்கம் ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொக்கை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். இதற்குப் படகு எதற்கு? வேண்டுமென்றேதான் செய்கிறாள் என்று நினைத்தார். ஆனால் பிடரியோடு கோபித்துக்கொள்ள முடிவதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததெல்லாம் அதைப் பார்த்துச் சொல்ல வந்தது.

"இந்தாம்மா," என்றார். "நான் ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஏற்கெனவே கோவத்துலதான் இருக்க, அதுக்கு மேல கோவிச்சுக்காத. என்ன கோவம்னு மட்டும் சொல்லிட்டுப் போ. பொண்ணு கல்யாணத்துல உங்க அண்ணன முன்வரிசையில உக்கார வெக்கலன்னா? முன்வரிசையில ஃபேன் ஓடலைன்னுதான் பின்னால உக்கார வெச்சேன். இல்ல உனக்கு ஜொரம் வந்தப்ப நான் வேலைக்குப் போனேனே, அதுவா? அன்னைக்கு நாள் பூரா எனக்கு எந்தப் பறவையும் கண்ணுல படல. வந்தவங்க திட்டிட்டுப் போனாங்க, தெரியுமா உனக்கு? சொன்னேன், நீ அப்ப பதில் சொல்லல."

கழி இறங்கியது, ஏறியது. தூறல் லேசாகத் தொடங்கியது. அவள் துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"நீ போயிட்டா நான் பட்டினி கெடந்து செத்துட மாட்டேன். கஞ்சி வெச்சுக்கத் தெரியும். சமையலுக்காக உன்ன இருக்கச் சொல்லலன்னு சொல்ல வந்தேன். உன் கஞ்சிய விட என் கஞ்சி நல்லாவே இருக்கும், அது வேற. ஆனா வீட்டுக்குள்ள வரும்போது உள்ள யாரோ பாத்திரத்தப் போட்டு ஒடைக்கற சத்தம் கேக்குதே, அது எனக்கு வேணும். அது இல்லாத வீட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு எனக்குத் தெரியல. நான் ஏரியிலயே இருந்துடுவேன்னு பயமா இருக்கு. போகாத. அவ்வளவுதான். எனக்கு இவ்வளவுதான் பேச வரும்."

மழை ஏரிமேல் ஊசி ஊசியாக இறங்கியது. அவர் கழியைத் தூக்காமல் காத்திருந்தார். இதைவிட நீளமாக அவர் யாரோடும் பேசியதில்லை. படகு தானாக மிதந்தது. துணி போர்த்திய தலை அசையவில்லை. ஒரு கை மட்டும் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

சரி, என்று நினைத்தார். கேட்டாயிற்று. இதுதான் பதில்.

அதற்குமேல் பேச ஒன்றும் இல்லாததால் வேலையைப் பார்த்தார். கழியை வலுவாக ஊன்றிப் படகை ஏரியின் நடுத்திட்டுக்குத் திருப்பினார். அங்கேதான் மூழ்கிய மரங்கள் நிற்கின்றன. எச்சம் விழுந்து விழுந்து சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்த மரங்கள். ஒவ்வொரு கிளையிலும் கூடு, ஒவ்வொரு கூட்டிலும் குஞ்சு. கூழைக்கடாவும் நாரையும் வக்காவும் அரிவாள்மூக்கனும் ஒன்றுமேல் ஒன்றாக மாடி வீடு கட்டி வாழ்கிற இடம். குஞ்சு பொரிக்கிற காலத்தில் அங்கே எழும் இரைச்சலைச் சொல்லி மாளாது. தகரக் கொட்டகையில் ஆயிரம் பேர் தட்டைத் தட்டிக்கொண்டு சோறு கேட்பதுபோல இருக்கும். நாரைகள் அலகோடு அலகை அடிக்கும், கூழைக்கடாக் குஞ்சுகள் கன்றுக்குட்டிபோலக் கதறும், வக்காக்கள் யாரையோ திட்டிக்கொண்டே இருக்கும். கேமராக்காரர்கள்கூட ஒரு கையால் படம் எடுத்துக்கொண்டு மறு கையால் காதைப் பொத்திக்கொள்வார்கள். இந்த இரைச்சலுக்கு நடுவில்தான் இவர் குசுகுசுவென்று பேசி வந்திருக்கிறார் என்பதை யோசித்தால், அவருக்கு வைத்த பெயர் கௌரவமான பெயர் என்றே தோன்றும்.

படகு முதல் மரத்தின் அடியில் நுழைந்தது. இரைச்சல் தலையில் கொட்டியது. வீட்டுக்காரி தலைத்துணியை விலக்கி அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலேயே, தன் வழக்கமான பெரிய குரலில் சொன்னாள்:

"எவ்வளவு அமைதியா இருக்கு."

படகுக்காரரின் கை கழியில் நின்றுவிட்டது.

"இந்த அமைதியிலயே கெடந்து கெடந்துதான் நீங்க இப்படி ஆயிட்டீங்கபோல. இங்க வந்து பாத்தப்புறம்தான் புரியுது. உங்க மேல தப்பு சொல்ல முடியாது."

தலைக்கு நேர்மேலே ஒரு வக்கா தொண்டை கிழியக் கத்தியது. அவள் தோள்கூட அசையவில்லை.

"இந்தாம்மா," என்றார் அவர். பிறகு கொஞ்சம் சத்தமாக, "இந்தாம்மா." பிறகு இருக்கிற தொண்டையையெல்லாம் திரட்டி. துருப்பிடித்த கீல்போல ஏதோ வந்தது. அவள் திரும்பவில்லை. டீ கேட்டும் வராதது, உப்பு, கையில் திணித்த போன், கரையில் வழுக்கியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவர்முன் நின்றன. கோபம் என்று நினைத்த எதிலும் கோபம் இருந்திருக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துப் பேசினாள். டிக்கெட்காரரின் பெரிய வாயைப் பார்த்துப் பேசினாள். உலகத்தில் எல்லாருடைய வாயும் அவளுக்குத் தெரிந்தது, ஒரே ஒரு வாயைத் தவிர. அந்த வாயோடுதான் அவளுக்குக் குடித்தனம்.

கழியைச் சேற்றில் ஆழமாகக் குத்திக் கயிற்றை அதில் கட்டினார். படகின் நடுவில் தவழ்ந்து முன்னால் போனார். படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

"ஐயோ, என்னங்க, கவுத்துடப் போறீங்க," என்று கத்தினாள் அவள்.

பறவைகள் எழுந்து பறந்துவிடும் என்று அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கூழைக்கடா மட்டும் இவர்களைப் பார்த்தது, தாடைப்பையை ஒருமுறை குலுக்கியது, மறுபடி தன் குஞ்சின் பக்கம் திரும்பிக்கொண்டது. அவளுடைய அந்தக் குரலுக்கே அவ்வளவுதான் மரியாதை. வாழ்நாளெல்லாம் இந்தப் பறவைகளுக்காக வாயைக் கட்டியிருந்தார். அவை இவரை ஒருநாளும் பொருட்படுத்தியதே இல்லை போலிருக்கிறது.

அவள் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தார். இப்போது அவளுக்குப் பின்னால் மரங்கள், முன்னால் அவர். எவ்வளவோ பேரை ஏற்றிய படகில் முதல்முறையாக ஒருவர் பறவைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"போகாத," என்றார்.

அவள் அவர் வாயையே பார்த்தாள். 'போ' என்பதற்கு மட்டும் உதடு குவிந்தது. மிச்சம் வழக்கம்போல உள்ளேயே போய்விட்டது. அவள் முகம் சுருங்கிற்று. "போறேன்தான? அதான் பெட்டி கட்டியாச்சே. அத சொல்லவா நடுத்தண்ணியில திருப்பி உக்கார வெச்சீங்க?"

அவர் அவசரமாக இல்லையென்று தலையை அசைத்தார். "இரு," என்றார். "இரு, இரு."

"என்ன முணுமுணுக்கறீங்க?"

இந்தப் பாஷையைச் செய்தவன் நன்றாகத்தான் செய்திருக்கிறான். போ என்று சொன்னால் தெருக்கோடியில் இருப்பவனுக்கும் தெரியும். இரு என்று எத்தனை தடவை சொன்னாலும் உதட்டில் ஒன்றும் தெரியாது. அவர் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு வேறொரு வார்த்தையைத் தேடினார். தேடிக் கிடைத்ததும், கண்டிப்பான அந்த அதிகாரியை எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கும்பிட்டுவிட்டு, வாயை முழுசாகத் திறந்தார்.

"வா."

மழைத்துளி உள்ளே விழுந்தது. மூடவில்லை. "வா. வீட்டுக்கு வா."

அவள் கண் இமைக்காமல் அந்த வாயைப் பார்த்தாள்.

"வீட்டுக்கா?"

"வீட்டுக்கு."

"நீங்க இப்ப பேசறீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"இங்க வந்ததுலேர்ந்து பேசிட்டிருந்தீங்களா?"

அதற்கும் தலையாட்டினார். அவள் வாயில் விரலை வைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகத் திரும்பி மரங்களைப் பார்த்தாள். எல்லாக் கிளைகளிலும் அலகுகள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"அதுங்கல்லாம் கத்துதா?"

"கத்துது."

"எல்லாமேவா?"

"எல்லாம்."

"காத்து வாங்குதுங்கன்னு நெனச்சேன்," என்றாள். வெகுநாளைக்குப் பிறகு அவள் குரல் இறங்கியிருந்தது. "அடுப்புல விசில் கேக்காதப்பவே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனா பொண்ணு பேசறது கேக்குதே, டிக்கெட்டு கிழிக்கறவரு பேசறது கேக்குதே, உங்களது மட்டும்தான கேக்கல. அப்ப நீங்கதான் பேசலன்னு..." முடிக்காமல் விட்டாள்.

அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவளுக்குக் கொடுத்தார். அவள் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள். தூறல் டீக்குள்ளும் விழுந்தது.

"நாளைக்குப் பொண்ணு வந்து நிப்பாளே. என்ன சொல்றது அவகிட்ட?"

"காது டாக்டர்," என்றார் அவர், காதைத் தொட்டுக் காட்டி, ஒவ்வொரு எழுத்தையும் மென்று. "மூணு பேரும் போவோம். போயிட்டு வருவோம்."

"வருவோமா?"

"வருவோம்."

"அந்தப் பெட்டிய நான் இனிமே அவுக்கணுமா? எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டினேன் தெரியுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கவில்லை. ஆயிரம் பறவைகள் பார்க்க வாயைத் திறந்து சிரித்தார். அவள் சட்டென்று முன்னால் குனிந்து, குழந்தை வாயைப் பார்க்கிறதுபோல அவர் தாடையைப் பிடித்துத் தூக்கினாள்.

"என்னங்க இது, மேல ஒரு பல்லக் காணோம்? எப்ப விழுந்துச்சு?"

"போன வருஷம்."

"வலிச்சிருக்குமே. என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன்," என்றார் படகுக்காரர்.

அவள் தாடையை விடாமல் பிடித்திருந்தாள். "இப்ப சொல்லுங்க," என்றாள். அவர் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.